நெய்தல் நிலமும் வர்த்தமானி அறிவித்தலும்

சாவகச்சேரிக்கு வடக்கே, சரசாலையில், கண்டல் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலம் ஒன்று உண்டு. மாரி பிறந்ததும் தூர தேசத்துப் பறவைகள் அங்கு வந்து இறங்கும். கோடை முற்றியதும் போய்விடும். ஊரார் அவ்விடத்துக்கு இட்ட பெயர் குருவிக்காடு. இப்பெயரை எந்தச் சட்டமும் சூட்டவில்லை. எந்த ஆய்வாளனும் முன்மொழியவில்லை. மாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவளும் வீச்சுவலையோடு சேற்றில் இறங்கியவனும் தம் கண்ணால் கண்டதை ஒரு சொல்லாக்கி வைத்தனர். காட்டை மரத்தின் பெயரால் அழைக்காமல், அதில் வந்து தங்கும் உயிரின் பெயரால் அழைத்த மக்கள், அந்த உயிரின் வரவையும் போக்கையும் கவனித்திருந்தவர்களாகவே இருத்தல் வேண்டும்.

இன்று உலகெங்கும் உயிரினப் பாதுகாப்பு பற்றிப் பேசப்படுகிறது. 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள், 2030ஆம் ஆண்டுக்குள் பூமியின் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் நூற்றுக்கு முப்பது பங்கைப் பாதுகாத்தல் வேண்டும் என்று உடன்பட்டன. பழங்குடிகளின் உரிமைகளையும் உள்ளூர்ச் சமூகங்களின் உரிமைகளையும் மதித்தே இதனைச் செய்தல் வேண்டும் என்றும் அவ்வுடன்பாட்டில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டது நன்று. ஆனால் எழுதப்பட்டதற்கும் கச்சாய்க் கரையில் தோணி தள்ளும் மனிதனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இலக்கியத் திறனாய்வாளனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. சட்டமும் ஒரு நூல்தான். அதற்கும் சொல்லாட்சி உண்டு. அதற்கும் பாத்திரங்கள் உண்டு. அதிலும் யாரைப் பேசவைப்பது, யாரை மறைத்துவிடுவது என்ற தேர்வு உண்டு. ஒரு நிலத்தை வருணிக்கும் நூலில் மனிதன் எங்கே நிற்கிறான் என்று கேட்பது திறனாய்வின் பழைய கேள்வி. அக்கேள்வியைச் செய்யுளிடத்தும் நாவலிடத்தும் கேட்டுவந்த நாம், வர்த்தமானியிடத்தும் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நமது பொருளிலக்கணத்திலிருந்து தொடங்குவோம். திணைக்குரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியம் வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒரே நிரலில் வைக்கிறது. பறவையும் தொழிலும் அங்கு ஒரே பட்டியலைச் சேர்ந்தவை. நெய்தல் என்றால் கடற்காகமும் உண்டு; மீன் உணக்கும் மகளும் உண்டு; புன்னையும் உண்டு; உப்பு விற்கச் செல்லும் உமணனும் உண்டு. இவற்றுள் ஒன்றை நீக்கிவிட்டு மற்றொன்றைக் காண அக்கவிஞர்களுக்குத் தெரியவில்லை. மனிதனற்ற இயற்கை என்ற கருத்து நமது பழைய கவிதைக்கு அந்நியமானது.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து இன்புற்று வாழ்ந்தனர் என்று பெருமை பேசி முடித்துவிடுவது நமது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக்கோட்பாடு பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், திணைகளை வெறும் இயற்கைக் காட்சிகளாகக் கொள்ளாமல், சமனற்ற வளர்ச்சியுற்ற உற்பத்தி முறைகளின் வெளிப்பாடாக ஆராய்ந்தார். மருதத்தின் உபரி அரசை வளர்த்தது. குறிஞ்சியும் நெய்தலும் பின்தங்கின. ஆகவே திணை என்பது சொர்க்கத்தின் வரைபடம் அன்று. உழைப்பும் நிலமும் பிணைந்திருந்த விதத்தையும், அப்பிணைப்பில் இருந்த ஏற்றத்தாழ்வையும் அது காட்டுகிறது. நாம் அதனிடம் கற்கவேண்டியது இதையே.

இனி, சட்டம் என்னும் நூலுக்கு வருவோம். பாதுகாக்கப்பட்ட பிரதேசம் என்ற இன்றைய எண்ணத்துக்கு மூலமாகக் காட்டப்படுவது அமெரிக்காவில் 1872இல் அமைக்கப்பட்ட யெலோஸ்டோன் பூங்கா. அந்நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த பூர்வகுடிகள் அங்கிருந்து அகற்றப்பட்டனர்; பின்னர் அது மனிதன் தீண்டாத இயற்கை என்று உலகுக்குக் காட்டப்பட்டது. இலங்கையில் இக்கதை வேறு உருவில் தொடங்கியது. 1894இல் வேட்டைப் பிராணிகளைக் காப்பதற்கென ஒரு சங்கம் அமைந்தது. சுடுவதற்கு விலங்கு இல்லாமற் போய்விடுமோ என்ற துரைமாரின் கவலை அதன் பிறப்பில் கலந்திருந்தது. யாலையில் துப்பாக்கிக் கனவான்களுக்கென ஓர் ஒதுக்கிடமும் இருந்தது. பின்னர் 1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் நம்மை ஆள்கிறது.

காட்டையும் அனுமதிச் சீட்டையும் பற்றி இந்நாட்டில் எழுந்த இலக்கியங்களுள் மிகக் கூர்மையானது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கையிலிருந்து வந்தது என்பது விசித்திரம். யாழ்ப்பாணத்திலும் பின்பு அம்பாந்தோட்டையிலும் பணியாற்றிய லெனார்ட் வுல்ப், காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிய தமது ஆங்கில நாவலை 1913இல் வெளியிட்டார். அதில் சிலிந்து என்னும் ஏழை வேட்டைக்காரனை அழிப்பது காடு மட்டுமன்று. சேனை செய்வதற்கு வேண்டிய அனுமதியைத் தன் கையில் வைத்திருக்கும் கிராமத் தலைவனே அவனைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளுகிறான். தூரத்துக் கச்சேரியில் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட விதி, கிராமத்துக்கு வந்து சேரும்போது பலமுள்ளவனின் கைத்தடியாகிவிடுகிறது. அனுமதிச் சீட்டு என்ற சிறு காகிதம் வர்க்க உறவின் கருவியாவதை வுல்ப் கண்டுகொண்டார். காப்பகங்களைப் பற்றி எழுதுவோர் யாவரும் அந்நாவலை ஒருமுறை படித்தல் நலம்.

நமது சொந்தக் கரைக்கு வருவோம். தென்மராட்சிக்குக் கிழக்கே, ஆனையிறவைக் கடந்தால், சுண்டிக்குளம் நீரேரி. கனகராயன் ஆறு வன்னிக் காட்டின் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம். பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும் சேற்றுநிலம். 1938இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜூனில் எல்லை விரிவாக்கப்பட்டு, ஏறத்தாழ 19,565 ஹெக்டேர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதியும், மன்னாருக்கு அப்பாலுள்ள ஆதாம் பாலத் திட்டுகளும், மடு வீதிப் பிரதேசமும் தேசியப் பூங்காக்களாயின.

சரணாலயம் பூங்காவாயிற்று என்பதை ஒரு பதவி உயர்வு போலவே செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் சொற்களை நிறுத்துப் பார்ப்பவன் இங்கே தயங்கி நிற்பான். சரணாலயம் என்றால் அடைக்கலம் புகும் இடம். அடைக்கலம் கொடுப்பவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது அச்சொல்லின் உட்கிடை. சட்டத்திலும் அவ்வாறே: சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணி இருக்கலாம், மனிதர் குடியிருக்கலாம், தொழில் செய்யலாம். பூங்காவோ உலாவப் போகும் இடம். சட்டப்படி அது அரச காணியாக மட்டுமே இருத்தல் வேண்டும். விலங்கையும் பறவையையும் பார்ப்பதற்குச் சீட்டுப் பெற்று உள்ளே செல்லலாம். ஒரு சொல் மாறியபோது, நேற்றுவரை அங்கு வாழ்ந்தவன் இன்று அத்துமீறி நுழைந்தவனாகிறான். கொழும்பிலிருந்து படப்பெட்டியோடு வருபவன் விருந்தினனாகிறான். தங்கள் காணிகளும் தொழிலிடங்களும் பூங்கா எல்லைக்குள் அகப்பட்டுவிட்டன என்று அப்பிரதேச மக்கள் முறையிட்டு வந்திருப்பதன் பொருள் இதுதான்.

இங்கு இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அந்தக் கரையை அடித்தது. அதன்பின் யுத்தம் 2009இல் அங்கிருந்த மனிதர்களைத் துடைத்தெடுத்து முகாம்களில் கொட்டியது. பூங்காக்களுக்கு வழிவகுத்த வடமாகாணச் சூழல் மதிப்பீடு இதன் பின்னுள்ள ஆண்டுகளில், மீள்குடியேற்றம் நிறைவுறாத காலத்தில், செய்யப்பட்டது. குடிசைகள் இல்லாத கரையும், வாடிகள் இல்லாத மணலும், பற்றை மண்டிய தோட்டமும் அப்போது கண்ணுக்குத் தென்பட்டன. அவை இயற்கையின் அமைதியாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அவை இடப்பெயர்வின் தடங்கள். 2000ஆம் ஆண்டில் தம் பட்டினமே இடிபாடாகிக் கிடந்ததைக் கண்ட சாவகச்சேரி மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர் இல்லாத வீட்டு முற்றத்தில் எருக்கலை முளைத்தால் அது காடு என்று யாரும் பெயரிடுவதில்லை.

நீரேரியை வெறுமையாகக் காண்பது அதிகாரத்தின் பழைய பழக்கம் என்றும் தோன்றுகிறது. 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கிக் குடாநாட்டின் கிணறுகளைக் காப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம், தண்ணீர்த் தாகம் பொய்யன்று. ஆயினும் அத்திட்டம் பற்றிய விவாதங்களில் கமக்காரனின் கிணறு பேசப்பட்ட அளவுக்கு, உவர்நீரில் இறால் பிடித்து உலைவைத்தவனின் வள்ளம் பேசப்படவில்லை. அன்று கமத்துக்காக மறக்கப்பட்டவன் இன்று பறவைக்காக மறக்கப்படுகிறான்.

அவ்வாறாயின் நமது நவீன இலக்கியம் அவனை நினைத்ததா? இக்கேள்விக்கு விடைதேடும்போது செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலை ஒதுக்க இயலாது. 1973இல் வெளிவந்து, 1978இல் திரைப்படமாகவும் ஆக்கப்பட்ட அந்நாவலின் களம் நெடுந்தீவு. வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் அயலூர் மீனவர் வந்து அக்கரையில் வாடியடிக்கின்றனர்; அதே காற்றோடு பறவைகளும் வருகின்றன. பருவம் மாறியதும் இரு கூட்டமும் போகவேண்டியவை. ஆசிரியர் புவியியல் பயின்றவர். நிர்வாக சேவையில் பணியாற்றியவர். அதனாலேயே காற்றும் மணலும் கடலும் அந்நாவலில் பின்னணித் திரையாகத் தொங்காமல் கதையை நகர்த்தும் சக்திகளாகின்றன. மீனவனின் இடப்பெயர்ச்சியையும் பறவையின் இடப்பெயர்ச்சியையும் ஒரே பருவத்தின் இரு செயல்களாகக் கண்டது அந்நாவலின் சாதனை. திணை மரபின் உயிர்ப்பான தொடர்ச்சி அது. நெடுந்தீவில் தேசியப் பூங்கா அமைந்திருக்கும் இந்நாளில், அத்தீவைப் பற்றி அரசு எழுதியதையும் நாவலாசிரியர் எழுதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால், நிலத்தை முழுமையாகக் கண்டவர் யார் என்பது விளங்கும்.

எனினும் பொதுவாக நமது புனைகதையின் மேல் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். மீனவனின் காதலையும் பகையையும் வறுமையையும் எழுதிய அளவுக்கு அவனுடைய அறிவை நாம் எழுதவில்லை. பரவைக்கடலில் களங்கண்ணி நாட்டுபவன் நீரோட்டத்தின் திசையையும் அடிமண்ணின் தன்மையையும் அறிந்தே தடியூன்றுகிறான். மாரி வெள்ளம் இறங்கி உப்புக் குறையும்போது எது வரும், சோளகம் வீசி நீர் வற்றி உப்பேறும்போது எது போகும் என்பது அவனுக்குத் தெரியும். கண்டல் வேர்களுக்கிடையே குஞ்சு இறால் ஒதுங்கும் என்பதை அவன் எந்தப் பாடசாலையிலும் படிக்கவில்லை. இவ்வறிவு தலைமுறை தலைமுறையாக உழைப்பில் திரண்டது. அதை எழுத்தாக்காமல் விட்டது எழுத்தாளரின் தவறு. எழுதப்படாத அறிவை அறிவாக ஏற்காதது அதிகாரியின் தவறு. இவ்விரண்டும் சேர்ந்தே மீனவனை வர்த்தமானியிலிருந்து அழித்தன.

இதனால் மரபு யாவும் புனிதம் என்று நாம் வாதிப்பதாக யாரும் கொள்ளலாகாது. மரபு என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் எச்சரிக்கையோடு கையாளல் வேண்டும். 1966இல் தீண்டாமைக்கு எதிராக எழுச்சி பிறந்தபோதும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் நின்றபோதும் அவர்களை மறித்த சொல் மரபு என்பதே. கே. டானியல் ‘பஞ்சமர்’ எழுதியது அந்த மரபின் முகத்தைக் காட்டுவதற்காகத்தான். எந்தத் துறையில் யார் தோணி விடலாம், எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் என்று வகுத்ததும் மரபுதான். ஆகவே மரபுச் சமூகம் என்று ஒரே முகங்கொண்ட கூட்டம் எங்கும் இல்லை. அதற்குள் சம்மாட்டியும் உண்டு, கூலியும் உண்டு. கடலுக்குப் போகும் ஆணும் உண்டு, கரையில் மட்டி பொறுக்கும் பெண்ணும் உண்டு. சமூகத்தின் பெயரால் உரிமை வழங்கும்போது அது அச்சமூகத்தின் மேல்தட்டுக்கு மட்டும் போய்ச் சேருமானால், வுல்ப் காட்டிய கிராமத் தலைவனை மீண்டும் நாற்காலியில் அமர்த்தியவர்களாவோம்.

பாதுகாப்பு வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. யுத்தத்துக்குப் பின் குடாநாட்டின் கிழக்குக் கரையில் மணல் அள்ளப்பட்ட கொடுமையை அறியாதார் யார்? கண்டல்கள் வெட்டப்பட்டதை அறியாதார் யார்? வெட்டியவர்களிலும் அள்ளியவர்களிலும் நம்மவரும் இருந்தனர். இயற்கையைக் காப்பதற்குச் சட்டம் தேவை. ஆனால் அத்தகைய சட்டத்தைக் கேட்டுப் பெறும் தகுதி கடற்றொழிலாளருக்கு உண்டு என்பதற்கு அண்மைய வரலாறே சான்று. கடலடியைச் சுரண்டி எடுக்கும் இழுவைமடித் தொழிலுக்கு எதிராக வடபகுதி மீனவர் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2017இல் பாராளுமன்றம் அத்தொழிலைத் தடைசெய்யும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. கடல் நாளைக்கும் வேண்டும் என்ற கவலை வலையில் உயிர்வாழும் இம்மக்களிடமிருந்தே எழுந்தது.

மறுபுறம், காப்பகங்களைக் காக்கவேண்டிய கையே அவற்றைத் திறந்துவிடுவதையும் கண்டோம். மன்னார் மாவட்டத்தின் விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டேரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க வர்த்தமானி வெளியாயிற்று. சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. உயர் நீதிமன்றம் அவ்வறிவித்தலை இடைநிறுத்தியது. நீதிமன்றத்தின் செயலைப் பாராட்டுவோம். ஆயினும் வாசகர் ஒன்றை ஆலோசித்தல் வேண்டும். வீச்சுவலைக்காரனுக்குக் கல்லாக நிற்கும் எல்லைக்கோடு, மூலதனம் வந்து தட்டும்போது மெழுகாக உருகுவது ஏன்? சுண்டிக்குளத்தில் மக்கள் வெளியேற்றப்படுவதும் விடத்தல்தீவில் பண்ணை உள்ளே அழைக்கப்படுவதும் வெவ்வேறு கதைகளாகத் தோன்றலாம். நிலத்தோடு உழைப்பால் பிணைந்தவனுக்கு அந்நிலத்தின் முடிவில் குரல் இல்லை என்பதே இரண்டுக்கும் பொதுவான பொருள்.

இக்கதை நமது மட்டுமன்று. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது தம்பனைப் பகுதி வேடர்கள் தம் காட்டைவிட்டு அகற்றப்பட்டனர். முதியவரான தலைவர் திசாஹாமி போக மறுத்தார். 1998இல் இறக்கும்வரை அவர் அந்த மறுப்பின் உருவமாக விளங்கினார். தமிழரும் சிங்களவரும் வேடரும் இவ்விஷயத்தில் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை இனவாதிகள் நமக்குச் சொல்லமாட்டார்கள்.

நம்பிக்கை தரும் உதாரணங்களும் உண்டு. தமிழகத்தின் வேடந்தாங்கலில் ஏரிப் பறவைகளை ஊரார் தலைமுறைகளாகக் காத்துவந்தனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய அவ்வுரிமையை ஏற்று எழுதிக்கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று என்பது அவ்வன்பின் பொருளாதாரம். அதனால் அன்பு மாசுபடவில்லை, உறுதிப்பட்டது. கருநாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், புலிக் காப்பகத்தினுள் வாழும் சோளிகர் பழங்குடியினருக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி 2011இல் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1971இல் தொடங்கிய மனிதனும் உயிர்க்கோளமும் என்ற திட்டம், நடுவே கண்டிப்பான காவலும் அதைச் சூழ மக்களின் வாழ்வும் தொழிலும் அமையும் ஒதுக்கங்களை வகுத்தது. பாக்கு நீரிணைக்குத் தெற்கே மன்னார் வளைகுடா 1989இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. இலங்கையில் ஹுருலு, சிங்கராஜா, கன்னெலிய, புந்தல ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அவற்றுள் எதுவும் வடமாகாணத்தில் இல்லை.

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. எல்லைக் கல் நாட்டுமுன் அக்கரையில் தொழில் செய்வோரை அழைத்து, அவர் நடக்கும் பாதையையும் வலை உணக்கும் மணலையும் வரைபடத்தில் குறித்தல் வேண்டும். யுத்தத்தால் பெயர்க்கப்பட்டவன் திரும்பி வரும்வரை அவன் காணியை வெறுங்காணியாகக் கொள்ளலாகாது. பறவை முட்டையிடும் காலத்தில் எவ்விடத்தை விட்டு ஒதுங்குவது என்பதை மீனவர் சங்கமும் வனஜீவராசிகள் திணைக்களமும் கூடி வகுத்தல் வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெண்ணுக்கும் கூலியாளுக்கும் நாற்காலி இருத்தல் வேண்டும். மரபுவழித் தொழிலுக்கு இடமளிக்கும் வகுப்புகள் நமது சட்டத்திலேயே இருக்கும்போது, மனிதனை விலக்கும் வகுப்பை மட்டும் வடகரைக்குத் தேர்ந்தெடுப்பானேன்?

எழுத்தாளருக்கும் வேலை காத்திருக்கிறது. கிளாலியிலும் கச்சாயிலும் தனங்கிளப்பிலும் கோயிலாக்கண்டியிலும் இன்னும் சில முதியவர் இருக்கின்றனர். காற்றுகளின் பெயரையும் மீன்களின் பெயரையும் அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதுவதற்குக் காலம் அதிகம் இல்லை. அது வெறும் நாட்டாரியல் சேகரிப்பாகாது. நாளை எல்லை விசாரணையில் ஒரு கிராமம் தன் உரிமையை நாட்டுவதற்குக் கையில் பிடிக்கும் ஆவணமாகும். சரசாலையில் பெயர் தெரியாத யாரோ ஒருவர் குருவிக்காடு என்று சொல்லிவைத்தார். அந்தப் பெயரில் குருவி இருக்கிறது, காடு இருக்கிறது. அவற்றைக் கண்டு பெயரிட்ட மனிதனும் இருக்கிறான். அரசு எழுதும் அடுத்த வர்த்தமானியில் அம்மூவரும் இருத்தல் வேண்டும் என்று கேட்பது நமது உரிமை. நாம் எழுதும் அடுத்த கதையில் அம்மூவரும் இருக்கச் செய்வது நமது கடமை.